பஞ்சுத் தாடி

...வந்ததிலிருந்து இந்த மியூசியக்காரி முகமூடியின் முகத்தைப் பார்க்கவே இல்லையே, முதுகைத்தானே திருப்பித் திருப்பித் தடவுகிறாள் என்று ஜூடித்துக்குத் தோன்றியது. சோபா நுனியில் அப்பா. நைஜீரியாவில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்குப் பரீட்சை வைத்த ஏசுராஜ் சார், இன்று தானே ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறார், பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. அங்கிருந்து கிளம்பியபோது ஒரு மாணவன் கொடுத்த முகமூடி. அது மியூசியத்துக்குப் போக வேண்டும், கீழே தன் பெயர் இருக்க வேண்டும், இந்த வயதில் அவருக்கு வேறென்ன ஆசை? விற்பதற்கென்று செதுக்கியதா, உண்மையிலேயே போட்டு ஆடியதா, அதுதான் கேள்வியாம். ஆடியது என்றால் உள்ளே வியர்வை ஊறியிருக்குமாம், நெற்றி பட்ட இடம் வழவழவென்று தேய்ந்திருக்குமாம்...

தேய்ந்திருக்கிறது, வியர்வைக் கறையும் இருக்கிறது என்றாள் அவள். தாடையைச் சுற்றிப் பிசின், அதில் ஏதோ நார், தாடி வைத்திருந்திருக்கிறார்கள் என்று அவள் குரல் உயர உயர அப்பா முகம் மலர, ஜூடித்துக்குப் பகீரென்றது. நாரா? பஞ்சு அல்லவா அது! அமெரிக்கா வந்து இந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் குடியேறிய வருஷம், சர்ச்சிலிருந்து பாட்டுப் பாடிக் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்புகிற நேரத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் பிளாஸ்டிக் முகம் உடைந்துபோக, அம்மாதானே இதை எடுத்துப் பஞ்சு ஒட்டிக் கொடுத்தாள்... அப்புறம் வருஷா வருஷம் இதேதான், வீடு வீடாக, பனியில், டிரம் சத்தத்துக்கு அப்பா போட்ட ஆட்டம், பக்கத்து வீட்டு நாகமணி ஆன்டி சிரித்த சிரிப்பில் கேக் தட்டைக் கீழே போட்டது, கழற்றினால் தொப்பலாக வேர்த்திருக்கும் அந்த முகம். அம்மா இறந்த வருஷம்தான் எல்லாம் நின்றது. சொல்லிவிடலாமா? சொன்னால் அப்பாவின் இந்தச் சந்தோஷம் என்னாவது? சொல்லாவிட்டால் ஒரு பொய்க்கு அடியில் அவர் பெயர்...

"அப்பா, அந்தப் பஞ்சு மேட்டரை எக்ஸ்ப்ளெயின் பண்ணிடலாமா?"

"நீ சும்மா இரு ஜூடி. நானே சொல்றேன்."

இதை யார் போட்டு ஆடினார்கள் தெரியுமா என்று மியூசியக்காரி கேட்க, அப்பா எழுந்து, நான்தான் என்றார் இங்கிலீஷில், தாடி என் மனைவி ஒட்டியது, கிறிஸ்துமஸுக்கு. சொன்னதோடு விட்டாரா, முழங்கால் வலியை மறந்து அந்தப் பழைய ஸ்டெப் ஒன்றையும் போட்டுக் காட்டினார். மனசு லேசாகி ஜூடித் சிரித்துவிட்டாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை, முகமூடியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி அந்தப் பஞ்சை விரலால் மெதுவாகத் தொட்டாள்... ஆடிய முகமூடிதான், அதை அவள் சரியாகத்தானே கண்டுபிடித்தாள், அப்படியென்றால் இது அசல் இல்லை என்று இனி யார் சொல்வது?