முகம் மட்டும் நீங்க போடுங்க

டீச்சர் பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் ஒதுக்குகிற அன்றைக்கு மற்ற மாணவிகளெல்லாம் தஞ்சாவூர் டவுனுக்குள்ளேயே கிடைக்காதா என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயபாரதியோ இரண்டு பஸ் மாறி, திருவிடைமருதூரில் இறங்கி, அப்புறம் ஒரு மினி பஸ்ஸையும் பிடித்துப் போக வேண்டிய ஊரைக் கேட்டு வாங்கினாள். கூடப் படிக்கிற ரிஃப்காவும் அதே ஊரைத்தான் கேட்டாள், ஆனால் அவள் கும்பகோணத்துக்காரி, கேட்டதில் நியாயம் உண்டு. "உனக்கு என்னடி கிறுக்கா? விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அவ்ளோ தூரம் வரப் போறியா?" என்றாள் ரிஃப்கா. ஜெயபாரதி சிரித்து மழுப்பினாள். கிறுக்குத்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் அவள் பெற்ற பெண் படிக்கிறாள்.

வானதிக்கு ஒன்றரை வயசு நடக்கும்போது, ஜெயபாரதிக்கும் அவள் புருஷன் குணசேகரனுக்கும் ஒத்துவரவில்லை என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசி அத்துவிட்டார்கள். கோர்ட்டு, வக்கீல் எதுவும் கிடையாது. நகை அவரவர் வீட்டுக்குத் திரும்பியது, தாலி கழன்றது, பிள்ளை தகப்பன் வீட்டோடு என்று முடிந்தது. பேச வந்தவர்கள் அத்தனை பேரும் ஆம்பளைகள். கொடுத்த காபி ஆறுவதற்குள் ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவிட்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "சின்ன வயசு, நாளைக்கு இன்னொரு இடம் பாக்கணும். இடுப்புல புள்ளையோட நின்னா எவன் வருவான்?" என்று சொன்னது வேறு யாரும் இல்லை, அவளைப் பெற்ற அப்பா. ஜெயபாரதி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று இன்றைக்கு வரை நெஞ்சு கிடந்து அரிக்கிறது. அப்பா பார்த்த இடங்களை எல்லாம் தட்டிவிட்டு, கிடைத்த பயிற்சி நிறுவனத்தில் டீச்சர் வேலைக்குப் படிக்கச் சேர்ந்தாள்.

குணசேகரன் சிங்கப்பூர் போய்விட்டான். பிள்ளையை வளர்ப்பது அவனுடைய அக்கா ராஜாத்தி, புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். இவ்வளவும் அங்கே இங்கே காதில் விழுந்த சேதி. பிள்ளையின் முகம்தான் எந்தச் சேதியிலும் வரவில்லை.

முதல் நாள் வகுப்பாசிரியை அனுராதா பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "வானதி" என்றதும் ஜன்னலோரத்திலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று ஒரு குரல். ஜெயபாரதி உடனே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, கரும்பலகையைத் துடைத்தாள், சாக்பீஸைப் பொறுக்கினாள், அப்புறம் எதையோ தேடுகிறவள் மாதிரி மெல்லத் திரும்பினாள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. முன்பல் இரண்டு பாதிதான் முளைத்திருந்தன. பக்கத்துப் பையன் இளவழகனின் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு, அவன் கத்தினால் கத்தட்டும் என்று உட்கார்ந்திருந்தது அந்தப் பெண். அதைப் பார்க்க ஜெயபாரதிக்குப் பெருமை தாங்கவில்லை. யாரிடம் போய் சொல்லிக்கொள்வது?

"டிராயிங் பீரியடை நீங்க எடுத்துக்குங்கம்மா. எனக்குக் கோடுகூட நேரா வராது" என்று அனுராதா டீச்சர் முதல் வாரமே கையைக் கழுவிவிட்டார். ஜெயபாரதிக்கு நன்றாகவே வரைய வரும். ஆனால் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு படம் தெரிந்திருந்தது. இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை மரம். கண்ணுக்கெட்டிய தூரம் வயலைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில், நெல் அம்பாரத்தைவிட உயரமான மேட்டையே பார்த்திராத பிள்ளைகள், எதை வரையச் சொன்னாலும் முதலில் மலை இரண்டைப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்கள்.

இரண்டாவது வாரம் கை அச்சு எடுக்கலாம் என்றாள். உள்ளங்கையில் பெயிண்ட் தடவி காகிதத்தில் பதிக்கிற வேலை. பாடக் குறிப்பில் கற்றல் விளைவு அது இது என்று என்னென்னவோ எழுதினாள். உண்மை வேறு. வானதியின் கையை ஒரு தடவை பிடிக்க வேண்டும், அதற்கு வகுப்பிலிருக்கிற எல்லாக் கையையும் பிடித்தாக வேண்டும். பிடித்தாள். ஒவ்வொரு கையாக நீலம், பச்சை, சிவப்பு என்று தடவித் தடவி, கடைசியில் ஜன்னலோரத்துக்கு வந்தாள். அந்தக் கை அவள் கைக்குள் வந்தது. ஒரு காலத்தில் அவள் சுண்டுவிரலை மட்டுமே சுற்றிப் பிடிக்கத் தெரிந்த கை. விரல் இடுக்கு, நகத்தோரம், ரேகை என்று ஓர் இடம் விடாமல் பிரஷ்ஷை ஓட்டினாள். "கூசுது டீச்சர்" என்று வானதி நெளிந்து நெளிந்து சிரித்தது. சிரிக்கட்டும் என்று இன்னொரு தடவையும் தடவினாள்.

மினி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ரிஃப்கா சொன்னாள்: "அந்தப் பொண்ணு கைக்கு நீ பெயிண்ட் அடிச்ச நேரத்துல ஒரு வூட்டுக்கே வெள்ளையடிச்சிருக்கலாம். யாருடி அது?"

ஜெயபாரதி உடைந்துவிட்டாள். ரோட்டில் காய்ந்துகொண்டிருந்த நெல்லைத் தள்ளிவிட்டு ஓரமாக உட்கார்ந்து அழுதாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த ரிஃப்கா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "சொல்லிடுடி. போறதுக்குள்ள சொல்லிடு. நாந்தான் உன் அம்மான்னு ஒரு வார்த்தை. அதுக்கு மேல அல்லா பாத்துக்குவான்" என்றாள்.

சொல்ல வேண்டும் என்றுதான் ஜெயபாரதிக்கும் இருந்தது. ஆனால் அதற்கடுத்த வகுப்பிலேயே ஒரு முட்டுக்கட்டை விழுந்தது. வானதி புது கிரேயான் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தது.

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"எங்க அம்மா டீச்சர். சிங்கப்பூர்லேருந்து அனுப்புனாங்க. எங்க அம்மாவும் அப்பாவும் அங்கதான் இருக்காங்க. லீவு கிடைச்சதும் அம்மா வந்துரும்னு அத்த சொல்லிருக்கு."

பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அடியில் கும்பகோணத்துக் கடை ஸ்டிக்கர், கிழித்தும் கிழியாமலும் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைத்தெருவுக்குப் போய், பார்த்துப் பார்த்து வாங்கி, நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டிச் சுரண்டி எடுக்கப் பார்த்த ராஜாத்தி கண்முன்னால் வந்தாள். அவள்மேல் கோபம் கோபமாக வர வேண்டும். வரவில்லை. செத்துப்போய்விட்டாள் என்று சொல்லியிருக்கலாம், விட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்லாமல், அன்பாகப் பெட்டி அனுப்புகிற ஒருத்தியை அல்லவா பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாள்.

அன்றைக்குப் பிடித்து ஜெயபாரதிக்குத் தூக்கம் போயிற்று. நான்தான் அம்மா என்று சொன்னால், பெட்டி அனுப்புகிற அம்மா இல்லை என்றும் சொன்னதாகிவிடும். பக்கத்தில் தஞ்சாவூரில் இருந்துகொண்டே இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத ஒருத்தியைத்தான் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். சொல்லாமல் போனாலோ, பயிற்சி முடிந்து எந்தச் சாக்கில் இந்த ஊர்ப் பக்கம் வருவது? சாயங்காலம் மணி அடித்ததும் ராஜாத்தி ஸ்கூட்டியில் வந்து கேட்டருகே நிற்பாள். ஜெயபாரதி விளையாட்டுச் சாமான் அறைக்குள் போய் ஒளிந்துகொண்டு, ஜன்னல் கம்பி வழியே இரட்டைச் சடை ரோடு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசி நாள் சொல்லிவிடுவது என்று ஒருவழியாக முடிவு செய்தாள்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவரவர்க்குப் பிடித்ததை வரையலாம் என்றாள். மலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. வானதி தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கே வந்துவிட்டது. இரண்டு மலை, நடுவில் சூரியன். மலைக்கு மேலே ஏரோப்ளேன். கீழே புடவை கட்டிய ஒருத்தி, கையில் பெரிய பெட்டி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வட்டம்.

"இது சிங்கப்பூர் டீச்சர். அம்மா கெளம்பி வருது. முகம் மட்டும் நீங்க போடுங்க."

"அம்மா போட்டோ வூட்டுல இல்லையா?"

"இருக்காம். பாத்தா நான் அழுவேனாம். அத்த எடுத்து வச்சிருக்கு."

பென்சிலை வாங்கிக்கொண்டாள். சொல்லுவதற்கு வாயே தேவையில்லை என்று அந்த நிமிஷத்தில் தோன்றிவிட்டது அவளுக்கு. அகலமான நெற்றி, கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்ட புருவம், இடது தாடையில் சின்ன வெட்டுக்காயம், தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகத்தை அப்படியே போட்டாள். ஆசை யாரை விட்டது. பிள்ளைகள் மேசையைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள்.

"டேய், டீச்சர் அவங்க மூஞ்சியையே போட்டிருக்காங்கடா!" என்று இளவழகன் கத்தினான். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

வானதி சிரிக்கவில்லை. படத்தையும் பார்த்தது, டீச்சரையும் பார்த்தது. பிள்ளையின் உதடு பிதுங்கியது.

"இது நீங்க டீச்சர். எனக்கு எங்க அம்மாதான் வேணும்."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான்தான்டி உன் அம்மா. நாக்கு நுனிவரை வந்து நின்றது. எதிரே கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் பார்த்தாள். அதனிடம் இருந்ததே அந்த ஓர் அம்மாதான், அவளையும் பிடுங்கிக்கொள்ள மனசு வரவில்லை. ரப்பரை எடுத்தாள். நெற்றி, புருவம், காயம் என்று தன்னைத் தானே அழித்து ஊதிவிட்டாள். "எப்படி இருக்கணும்னு நீ சொல்லு, டீச்சர் போடுறேன்."

பெரிய கண் என்றது. தொங்குகிற கம்மல். சுருட்டை முடி. சிரிக்க வேண்டும், ஆனால் பல் தெரியக் கூடாது. வானதி சொல்லச் சொல்ல, எங்கேயும் இல்லாத ஒருத்தி காகிதத்தில் அழகாக வந்து சேர்ந்தாள். "இதான்!" என்று குதித்தது பிள்ளை.

மணி அடித்தது. "அத்தைக்குக் காட்டணும், வாங்க டீச்சர்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. உதறிவிட்டு ஓடி ஒளிந்துகொள்ள நேரம் இருந்தது. பிள்ளை தானாகப் பிடித்த கையை விடுவிக்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். வாசலில் ஸ்கூட்டிமேல் உட்கார்ந்திருந்த ராஜாத்தி பார்த்தவுடன் தெரிந்துகொண்டாள். முகம் வெளிறிப்போயிற்று.

"அத்த, இதான் பாரதி டீச்சர். அம்மா மூஞ்சிய இவங்கதான் போட்டாங்க. அம்மா வந்ததும் இவங்களக் காட்டுவேன். அம்மாவுக்கு இவங்கள ரொம்பப் புடிக்கும்ல அத்த?"

"புடிக்கும்" என்றாள் ராஜாத்தி. "தண்ணி பாட்டில் எங்க? மறந்துட்டியா? ஓடிப்போய் எடுத்துட்டு வா."

பிள்ளை ஓடியது.

"எதுக்கு வந்த பாரதி? தூக்கிட்டுப் போகவா?"

"பாக்கத்தான் அண்ணி. இன்னையோட முடிஞ்சுது."

"சொல்லிட்டியா?"

"இல்ல."

ராஜாத்தி ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. "அவள விட்டா எனக்கு யாரு இருக்கா? அம்மா எப்ப வரும், எப்ப வரும்னு நித்தம் கேக்குறா. பொய் சொல்லிச் சொல்லி நானும் ஓஞ்சு போயிட்டேன். ஒன்னயும் அழ வச்ச குடும்பம் எங்க குடும்பம், இல்லன்னு சொல்லல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போ. ஆனா டீச்சரா வா. டீச்சரா மட்டும் வா பாரதி. ஒன்னக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

பாட்டிலை ஆட்டிக்கொண்டு வானதி ஓடிவந்துவிட்டது. ராஜாத்தி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏங்க டீச்சர், ஞாயித்துக்கிழமை எங்க வூட்டுக்கு வந்து இவளுக்குப் படம் சொல்லிக் குடுக்குறீங்களா?"

வாங்க போங்க என்று அந்த வாயால் ஜெயபாரதி கேட்பது அதுதான் முதல் தடவை. "வர்றேங்க" என்றாள்.

"ஐ!" என்று ஸ்கூட்டியில் ஏறிக்கொண்ட வானதி, அத்தையின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு திரும்பியது. "எங்க அம்மா வர்ற வரைக்கும் வருவீங்களா டீச்சர்?"

"வர்றேன்டா" என்றாள் ஜெயபாரதி. "உங்க அம்மா வர்ற வரைக்கும் வர்றேன்."