எஞ்சின் வைத்த சைக்கிள்

"சரிப்பா, நீங்க சொல்றதுதான் ரைட்" என்று டெஸ்மண்ட் சொன்னதும், சூசை வாயருகே வந்த கஞ்சிக் கரண்டியைக் கையால் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கரண்டியைப் பிடித்திருந்த ரோசலினுக்கு மகன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நல்ல பிள்ளைதான். தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவின் காலடியிலேயே கிடக்கிறான். ஆனால் சமயம் தெரியாத நல்ல பிள்ளை. உள்ளே வரும்போது, "கேட்டுப் பக்கத்துல மோட்டார நிறுத்தியிருக்கேன்மா" என்று அவளிடம் சொன்னான். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்த மனுஷன் கண்ணைத் திறக்காமலே, "அது மோட்டார் இல்லடா, எஞ்சின் வச்ச சைக்கிள்" என்றார். வழக்கமாக இந்த இடத்தில் டெஸ்மண்ட், "விடுங்கப்பா, பினாங்கு ஊரே மோட்டார்ன்னுதான் சொல்லுது" என்று எகிறுவான். இன்றைக்கு அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, ரைட் என்று சொல்லித் தொலைத்தான்.

சூசை வேலை பார்த்ததெல்லாம் ஒரு லிஃப்ட் கம்பெனியில். கரண்ட்டில் ஓடினால் மோட்டார், வயிற்றுக்குள் எதையாவது எரித்து ஓடினால் எஞ்சின். இதில் அவருக்கு இரண்டு பேச்சே கிடையாது. அவருடைய கெட்ட நேரம், இந்த ஊரில் இரண்டு சக்கரத்தில் புகை விட்டுக்கொண்டு ஓடுவதெல்லாம் மோட்டார்தான். மீன் விற்பவர், தபால்காரர், பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற ஃபாதர் என்று அவர் யாரையும் விட்டுவைத்ததில்லை. ரோசலின் மட்டும் ஒருநாளும் அந்தப் பஞ்சாயத்தில் தலையிட்டதில்லை. மோட்டாரோ எஞ்சினோ, எண்ணெய்க் கறைச் சட்டையைத் துவைப்பவள் அவள்தானே.

நுரையீரல் இனித் தாங்காது என்று டாக்டர் சொன்னபோது சூசை பயப்படவில்லை. போன வாரம் ஃபாதர் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்தபோதுகூட, "எண்ணெய நல்லா போடுங்க ஃபாதர், பேரிங் தேஞ்சு போச்சு" என்று அவரைச் சிரிக்க வைத்துவிட்டார். சாவுக்குப் பயப்படாத மனுஷன், வருகிறவர் போகிறவர் எல்லாரும் போடும் ஆமாமுக்குத்தான் சுருண்டு போனார். பக்கத்து வீட்டுக்காரர் ஆமாம் என்றார். சித்தப்பா மகன் ஆமாம் என்றான். சாகக் கிடப்பவரிடம் யார் மல்லுக்கு நிற்பது?

"எல்லாரும் ஆமா ஆமாங்கறாங்க ரோசா" என்று நேற்று அவளிடம் சொன்னார். "என்னைப் பெட்டியில வச்சி மூடிட்டாங்களா?"

அந்தக் கேள்வி அவளை ராத்திரி தூங்க விடவில்லை. போவது போகட்டும், அதை அவள் தடுக்க முடியாது. ஆனால் சூசை சூசையாகப் போக வேண்டும். நாலு பேர் தலையைத் தடவி அனுப்பி வைக்கும் நோயாளியாகப் போகக் கூடாது. அவள் கடவுளிடம் கேட்டதும் இதைத்தான். கடவுள் ஒருபக்கம் இருக்கட்டும் என்று கஞ்சியை மூடி வைத்துவிட்டு அப்துல் அஜீசுக்குப் போன் போட்டாள்.

அஜீஸ் மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவர். அவருக்கும் சூசைக்கும் பழக்கம் ஏற்பட்டதே சண்டையில்தான். ஒரு கோப்பிக் கடையில் அஜீஸ் யாரிடமோ படகு மோட்டார் என்று சொல்ல, அடுத்த மேசையிலிருந்து சூசை திருத்தியிருக்கிறார். அஜீஸ் லேசில் விடுகிற ஆளா? எது இன்னொன்றை நகர்த்துகிறதோ அது மோட்டார், எஞ்சினும் அதில் ஒரு வகை, ஊர் எப்படிக் கூப்பிடுகிறதோ அதுதான் பேர் என்று நின்றுவிட்டார். அன்றிலிருந்து வாரம் தவறாமல் மலையைச் சுற்றிக்கொண்டு வந்து, மிச்சச் சண்டையைப் போட்டுவிட்டுப் போவார். ஒருமுறை அஜீசின் பேரன் ஹக்கீம் கைப்பேசியில் தேடிப் பார்த்து, இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றான். இருவரும் சேர்ந்துகொண்டு கைப்பேசியைத் திட்டித் தீர்த்தார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒருமுறைதான்.

மகள் ஹனாவின் பிரசவத்துக்காக ஈப்போ போயிருந்த அஜீஸ் நேற்றுதான் திரும்பியிருந்தார். போன் வைத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, ஒரு பை பச்சை ஜாதிக்காயோடு கேட்டில் வந்து நின்றார். ஜன்னல் வழியே கட்டிலைப் பார்த்தவருக்கு முகம் கோணிக்கொண்டது.

"அக்கா, இன்னிக்கு நான் விட்டுக் குடுத்துடறேன்" என்றார் அடங்கிய குரலில். "இத்தன வருசமா வாதாடி என்னத்த கண்டேன். அண்ணன் ஜெயிச்சிட்டுப் போவட்டும்."

"விட்டுக் குடுக்கறதா இருந்தா இப்படியே திரும்பிப் போயிருங்க தம்பி." ரோசலின் கேட்டைத் திறக்கவில்லை. "ஆமா போட இங்க ஆளு நெறைய இருக்கு. நீங்களும் போட்டுட்டா அவருக்குத் தெரிஞ்சிரும்."

"என்னா தெரிஞ்சிரும்?"

"முடிஞ்சிருச்சுன்னு."

அஜீஸ் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் அவள் கேட்டைத் திறந்தாள்.

காலடிச் சத்தத்திலேயே சூசைக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. சுவரைப் பார்த்தபடியே, "எதுல வந்த?" என்றார்.

வாசலில் நின்ற ரோசலினை அஜீஸ் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் மூடி வைத்திருந்த கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் வந்தாள்.

"மோட்டார்லதான். வேற எதுல வருவாங்க?"

தலை மெதுவாகத் திரும்பியது. "இவ்ளோ தூரம் வயரு இழுத்துக்கிட்டா வந்த?"

"பெட்ரோல் ஊத்திட்டு வந்தேன். ஊத்துனவனும் மோட்டாருக்கான்னுதான் கேட்டான்."

"அவன் கெடக்கறான். இந்தா பாரு." சூசை கட்டிலோரம் உறுமிக்கொண்டிருந்த ஆக்சிஜன் மெஷினைக் கண்ணால் காட்டினார். "இதுக்குள்ள ஓடுதே, இது மோட்டார். புகையில்ல, நாத்தம் இல்ல. எனக்கு மூச்சு குடுக்குது."

"கரண்ட்டு எங்கேருந்துண்ணே வருது? எங்கயோ ஒருத்தன் எரிக்கிறான்ல. அவன் நிறுத்திட்டா இதும் நின்னுரும் லா."

"அங்க எரியுது. இங்கயே எரிஞ்சா வீடு தங்குமா?"

சூசை பேசுவதற்கு வாயைத் திறந்தபோதெல்லாம் ரோசலின் ஒரு கரண்டி கஞ்சியை உள்ளே தள்ளினாள். கோபத்தில் அவர் அதை விழுங்கிக்கொண்டே இருந்தார். கிண்ணத்தில் பாதிக்கு மேல் காலியானது. டெஸ்மண்ட் கதவோரம் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

அப்போது இருமல் வந்தது. உடம்பையே தூக்கிப் போட்ட இருமல். உதடு நீலம் பாய்ந்து, விரல்கள் போர்வையைப் பற்றின. ரோசலின் முதுகைத் தடவித் தடவி மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தாள். நிமிர்ந்து பார்த்தால் அஜீசின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே" என்றார் அவர். "நீங்க சொல்றதுதான்..."

"தம்பி சொல்றதுதான் சரி" என்று ரோசலின் குறுக்கே விழுந்தாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"கல்யாணத்தன்னிக்கு எங்கம்மா கேட்டாங்க, மாப்புள எதுல கூட்டிட்டுப் போறாருன்னு. மோட்டார்லம்மான்னு சொன்னேன். எஞ்சின் வச்ச சைக்கிள்ன்னு சொல்லியிருந்தா என்னை அனுப்பியே இருக்க மாட்டாங்க. மோட்டார்ல ஏறித்தான் இந்த வீட்டுக்கு வந்தேன். அதனால அது மோட்டார்தான்."

சூசை அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

"இத்தன வருசம் உள்ளுக்குள்ளயே வச்சிருந்தியா? ரெண்டு பேரும் கூட்டுச் சேந்துட்டீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இதுக்குப் பதில் இருக்கு. இப்ப மூச்சு பத்தல. காலைல வா அஜீஸ். ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றேன்."

"வர்றேன்" என்றார் அஜீஸ். வாசல்வரை போய்த் திரும்பி, "மோட்டார்லதான் வருவேன்" என்றார்.

பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. ரோசலின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஊறுகாய்க்கு ஜாதிக்காய் நறுக்கினாள். சூசை கண்ணை மூடியிருந்தாலும் உதடு அசைந்துகொண்டிருந்தது. புருவ மத்தியில் ஒரு சுருக்கம். லிஃப்ட் எங்கேயாவது பழுதென்றால் சாப்பாட்டு மேசையில் அவர் நெற்றியில் விழுமே, அதே சுருக்கம். பதிலைத் தேடுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. தேடட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

மழை விட்டபோது நிமிர்ந்து பார்த்தாள். சுருக்கம் போயிருந்தது. உதடும் நின்றிருந்தது.

மெஷின் மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. டெஸ்மண்ட் அழுதுகொண்டே சுவிட்ச் பக்கம் கையை நீட்டினான். "இருடா, கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றாள் ரோசலின். அவர் கன்னத்தைத் துடைத்து, தலையைச் சீவி, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்ட பிறகு அவளே அதை நிறுத்தினாள். அப்புறம் வாய்விட்டு அழுதாள். அந்த அழுகைக்குள்ளும் அவளுக்கு ஒரு நிறைவு இருந்தது. மனுஷன் தோற்கவும் இல்லை, சும்மா ஜெயிக்க வைக்கப்படவும் இல்லை. வாதத்தின் நடுவில் போயிருக்கிறார்.

மறுநாள் காலை வீட்டு முன்னால் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி, நடுவில் பெட்டியை வைத்திருந்தார்கள். சூசை கோட்டும் டையுமாகப் படுத்திருந்தார். தலைமாட்டில் ரோசலின் கையில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். ராத்திரியே செய்தி போயிருந்தும், காலையில் வா என்று சொன்னாரே என்று அஜீஸ் காலையில்தான் வந்தார். பெட்டியின் பக்கத்தில் போய் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

தண்ணீர் போத்தலை நீட்டிய டெஸ்மண்ட், என்ன பேசுவதென்று தெரியாமல், "எதுல வந்தீங்க அங்கிள்?" என்று கேட்டுவிட்டான்.

"மோட்டார்லதான்" என்றார் அஜீஸ், கொஞ்சம் உரக்கவே.

சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். திருத்துவதற்கு ஆள் இல்லை. கூடாரத்து மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

ரோசலின் செபமாலையை மடியில் வைத்தாள்.

"அது மோட்டார் இல்ல தம்பி" என்றாள். "எஞ்சின் வச்ச சைக்கிள்."

அஜீஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "நேத்து எம் பக்கம் பேசுனீங்களே அக்கா."

"அது நேத்து. நேத்து உங்களுக்கு ஆளு வேண்டியிருந்துச்சு. இன்னிக்கு அவருக்கு வேணும்."

அஜீஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் பெட்டியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்புடின்னு சொல்லுங்க" என்றார்.