மூன்றாவது படி

மருமகளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. விருச்சிகத்தின் தலைப்பக்கம் ஒரு நட்சத்திரம். கண்ணுக்கு ஒற்றைப் புள்ளி. அது ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள் என்று வாலிபத்தில் நிரூபித்தவர் அவளுடைய மாமனார். அதனாலேயே அவருக்கு ‘இரட்டையார்’ என்று பெயர். அவர் தலைவராக இருக்கும் வானாய்வுக்கூடத்தில்தான் இவளுக்கும் வேலை. அங்கே அத்தனை பேர் முன்னாலும் இவள் போய், “அது ரெண்டு இல்ல மாமா, மூணு” என்றாள். வேறு வினை வேண்டுமா?

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. நிலா குறுக்கே வந்து மறைக்கும்போது, ஒற்றை நட்சத்திரம் என்றால் வெளிச்சம் ஒரேயடியாகப் போய்விடும். இரட்டை என்றால், வீட்டில் அறை அறையாக விளக்கணைப்பதுபோல், இரண்டு படியாக இறங்கும். போன மாதம் அவள் பதிவு செய்த வெளிச்சக் கோட்டில் மூன்று படி இருந்தது.

இரட்டையார் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மேஜையில முழங்கை பட்டிருக்கும்மா” என்றார். கருவி இருக்கும் மேஜையை லேசாக இடித்தாலும் கோடு இறங்கிவிடும். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு அது. அன்றிலிருந்து அவள் ‘மேஜை மருமகள்’. மாமனார் தயவில் வந்தவள்தானே என்று ஏற்கெனவே முணுமுணுத்தவர்களுக்கு வாய்க்கு அவல் கிடைத்தது. அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “அடுத்த தடவையும் மூணு வரலைன்னா வேலையையே விட்டுடுறேன்” என்று சொல்லித் தொலைத்தாள்.

அந்த அடுத்த தடவைதான் இன்று. இதை விட்டால் நிலா அந்த நட்சத்திரத்தின் மேல் வர வருஷக்கணக்காகும்.

பொழுது சாய்ந்திருந்தது. மேஜைப் பக்கமே வரக்கூடாது என்று அவளைக் கதவோரம் நிறுத்திவிட்டு, மாமனாரே கருவி முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் தொழில்நுட்ப உதவியாளர். இரட்டையார் தும்மினால்கூட ஆமோதிப்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘ஆமாஞ்சாமி’.

“மேகம் வருதுங்க ஐயா” என்றார் ஆமாஞ்சாமி. குரலில் சந்தோஷம் தெரிந்தது.

அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். அடிப்பாவி, வேலை என்ன கிள்ளுக்கீரையா, வாய்க்கு வந்தபடி சவால் விட? கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டாள். நிலாவின் இருட்டு விளிம்பு நட்சத்திரத்தை நெருங்கியது. மேகம் நிலாவின் அடியைத் தொட்டு, போவதா நிற்பதா என்று யோசிப்பதுபோல் தயங்கிவிட்டு, ஒதுங்கியது.

புள்ளி அணைந்தது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இனி அந்த ஒரு கணத்தை இழுத்து நீட்டிக் கணினி கோடாக வரைய வேண்டும்.

கோடு மெல்ல நகர்ந்தது. நேராகப் போய், சட்டென்று ஒரு படி இறங்கியது. கொஞ்சம் ஓடி, இன்னொரு படி.

“ரெண்டு” என்றார் ஆமாஞ்சாமி.

கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. வேலை போனதுதான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். வீட்டில் இனி எந்த முகத்தோடு மாமனார் எதிரே ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது? அப்போது கோடு இன்னும் ஒரு முறை, சின்னதாக, ஆனால் தெளிவாக இறங்கி, அடியோடு படுத்தது.

இரட்டையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரும்பவும் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு.

ஆமாஞ்சாமி தொண்டையைக் கனைத்தார். “ஐயா, கடைசியில உங்க முழங்கை லேசா பட்ட மாதிரி இருந்துச்சுங்களே. நான் பார்த்தேன்.”

நல்ல வழிதான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரட்டையார் இரட்டையாராகவே இருப்பார், மருமகள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு ஆமாஞ்சாமியிடம் திரும்பினார்.

“நான் மேஜையைத் தொடலை” என்றார். “அன்னிக்கு அவளும் தொட்டிருக்க மாட்டா.”