பத்து கிலோ எழுநூறு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் குறைப்பட வேண்டாம். பார்சல் ஆபீஸ் கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறவள் நான். ஒரு பெட்டியைக் கையில் வாங்கினால் போதும், மிஷினுக்கு முன்னால் எடையைச் சொல்லிவிடுவேன். ஐம்பது கிராம் முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் தப்பாது. அதனால்தான் என் கூட்டாளிகள் இரண்டு பேரும் என்னைத் தராசு என்று கூப்பிடுகிறார்கள்.

ஒருத்தி கணக்கு டீச்சர். இன்னொருவன் பஸ் டிரைவர். எதற்கெடுத்தாலும் "இரு, இரு" என்று நிறுத்துவதால் அவனுக்குப் பிரேக் என்று பெயர். மூவரும் ஒரே வகுப்பு, மூவருக்கும் இப்போது நாற்பத்தேழு வயது. உயரமான மலைக்குள் ஆறு நாள் நடை, முதுகில் பை, ஒரே கூடாரம், வழியில் கடை கண்ணி எதுவும் கிடையாது என்று திட்டம் போட்டு, போன வருடமே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது நான் படுத்துவிட்டேன். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஏழு வாரம் ஆஸ்பத்திரி. நான் இல்லாமல் போக மாட்டோம் என்று அவர்களும் போகவில்லை.

வீடு திரும்பியதிலிருந்து ஒரு சாமானைக்கூட என் கையில் தங்கவிட மாட்டேன் என்கிறார்கள். வாளியைத் தூக்கினால் வீட்டுக்காரர் ஓடி வந்து பிடுங்குகிறார். ஆபீஸில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து ரசீது எழுதச் சொல்கிறார்கள். டாக்டரே நன்றாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு இருக்கிற தைரியம் இவர்களுக்கு இல்லை. எல்லோரும் அன்பாகத்தான் பிடுங்குகிறார்கள், எனக்கோ பற்றிக்கொண்டு வருகிறது. இந்த மலைக்கு என் பங்கை என் முதுகில் சுமந்துகொண்டு போக வேண்டும், இல்லையென்றால் போகவே கூடாது என்று முடிவு செய்தேன். இத்தனை வருடம் பார்சல் அனுப்பியவள் நானே பார்சலாகப் போவதற்கில்லை.

அதனால் விதியை நானே எழுதி டீச்சர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஆளுக்குப் பத்து கிலோ. டீச்சர் குடியிருக்கும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தை அந்தப் பையோடு ஐந்து தடவை ஏறி இறங்க வேண்டும், ஐம்பது நிமிடத்துக்குள். முடியாதவர் வரக் கூடாது, கெஞ்சல் கொஞ்சல் கிடையாது. ஐம்பது என்பது டீச்சர் போட்ட கணக்கு. மூன்றாம் நாள் ஒரு கணவாயைத் தாண்ட வேண்டும். மதியத்துக்கு மேல் அங்கே காற்று பேயாக அடிக்குமாம். அந்த வேகம் இருந்தால்தான் அதற்கு முன்னால் அந்தப் பக்கம் இறங்க முடியும்.

நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி எடுத்தேன். சாப்பாட்டு இடைவேளையில் ஆபீஸ் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். முதல் வாரம் இரண்டாவது மாடியிலேயே நாக்கு தள்ளிவிட்டது. காவலாளி என்னைப் பார்த்து, எதையாவது தொலைத்துவிட்டுத் தேடுகிறேனா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

சோதனை ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. முதலில் பிரேக் ஏறி நாற்பத்தாறு நிமிடத்தில் முடித்தான். டீச்சர் நாற்பத்தொன்பது. அடுத்து நான். பிரேக் என் பையைப் பின்னாலிருந்து தூக்கி மாட்டிவிட்டான். மலையில் ஒருவருக்கொருவர் அப்படித்தான் மாட்டிவிட வேண்டும் என்று அவனே பாடமும் நடத்தினான். நான் கையை வாருக்குள் விட்டதோடு சரி. ஏறினேன், இறங்கினேன். மூச்சு வாங்கியது, ஆனால் கட்டுக்குள் இருந்தது. நாற்பத்தெட்டு நிமிடம். டீச்சர் கைதட்டிக்கொண்டே நோட்டில் எழுதினாள். எனக்கு அங்கேயே ஆடலாம் போல இருந்தது.

மேலே டீச்சர் வீட்டுக்கு வந்து பையைக் கழற்றினேன். நடுவழியில் கிடக்கிறதே என்று ஒரு கையால் தூக்கி ஓரமாக வைத்தேன். கை சும்மா இருக்குமா? ஏழரை என்றது. மறுபடி தூக்கினேன். ஏழரைதான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அடுத்த மாதம் மலையில் இருப்பேன். அந்த நினைப்பு வரவில்லை என்று சொன்னால் பொய்.

"மீதி ரெண்டரை கிலோ எங்க?" என்று கேட்டேன்.

பையைத் தலைகீழாகக் கொட்டினேன். அடியில் நான் வைத்திருந்த அடுப்பு இல்லை, காஸ் டப்பா இல்லை, ஓட்ஸ் பொட்டலம் இல்லை. பை தொளதொளவென்று இருக்கக் கூடாதே என்று, டீச்சர் மகளின் முயல் படம் போட்ட தலையணையைத் திணித்து வைத்திருந்தார்கள். எடுத்த சாமான்களை இருவரும் தங்கள் பைகளில் பங்கு போட்டுக்கொண்டு, பதினொன்றே கால் கிலோவோடு ஏறியிருக்கிறார்கள். மகாத்மாக்கள்.

நான் கத்தியதை இங்கே எழுத முடியாது. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். கடைசியில் பிரேக்தான் வாயைத் திறந்தான்.

"போன வருஷம் உனக்கு ட்யூப் போட்டப்போ நான் கதவுக்கு வெளிய உக்காந்திருந்தேன். நீ மூச்சுக்குத் தவிச்சது வெளிய கேட்டுச்சு. அதை இன்னொரு தடவ மலை மேல கேக்க என்னால முடியாது."

அவன் குரல் உடைந்ததைக் கேட்டதும் என் கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன், அது தேவைப்பட்டது. அவர்கள் பைகளிலிருந்து என் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து என் பையில் வைத்தேன். தலையணையை மகளின் கட்டிலில் போட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி ஏறப் போகிறேன் என்று சொன்னேன். காலையில்தான் அறுபது மாடி ஏறியிருக்கிறாய், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று டீச்சர் மன்றாடினாள். மலையில் இரண்டாம் நாள் என்று ஒன்று வராதா என்று கேட்டேன்.

சாப்பிட்டுவிட்டு அவள் வீட்டுத் தரையில் கட்டைபோல் கிடந்தேன். ஐந்து மணிக்குப் பையை நானே நாற்காலியில் ஏற்றி, நானே மாட்டிக்கொண்டேன். முதல் மூன்று சுற்று காலையைப் போலவே போனது. நாலாவதில் ஒன்பதாம் மாடியில் நின்றுவிட்டேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இருபது எண்ணினேன். ஐந்தாவதில் ஒவ்வொரு மாடியிலும் நின்றேன். தொடை நடுங்கியது, உயிர் தொண்டைக்குழிக்கு வந்தது. ஆனால் நெஞ்சு என் பேச்சைக் கேட்டது. எண்ணி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் மூச்சு திரும்பி வந்தது. முடித்தேன்.

கீழே டீச்சர் கடிகாரத்தைக் காட்டவில்லை. நான்தான் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு நிமிடம்.

வீட்டுக்குள் வந்து விதித் தாளை ஃபிரிட்ஜிலிருந்து கிழித்து மேசைமேல் வைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள், நான் வரவில்லை என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். நாலு மாதமாக அந்த மலையைத் தவிர வேறு எதையும் நினைக்காதவள், அழாமல் வேறு என்ன செய்வேன்? பிரேக் ஏதோ சொல்ல வந்தான். பேசாதே என்று கையைக் காட்டினேன்.

டீச்சர் எங்களைக் கவனிக்கவே இல்லை. வரைபடத்தை விரித்து, பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, என் ஐம்பத்தெட்டை வைத்து ஏதோ வகுத்துக்கொண்டிருந்தாள். இந்த வேகத்தில் ஒரே நாளில் கணவாயைத் தாண்ட முடியாது, அது நிச்சயம் என்றாள். ஆனால் கணவாய்க்குக் கீழே ஓர் ஏரி இருக்கிறது. மூன்றாம் நாள் அங்கே கூடாரம் போட்டுத் தூங்கிவிட்டு, நாலாம் நாள் விடிந்ததும் ஏறினால், பத்து மணிக்கெல்லாம் அந்தப் பக்கம். ஆறு நாள் ஏழு நாளாகும், அவ்வளவுதான்.

"பாவம் பாத்து நாளைக் கூட்டறியா?" என்றேன்.

"ஏய், ஒரே நாள்ல நூத்தி இருவது மாடி ஏறியிருக்க. உன்னைப் பாத்து யாருக்குடி பாவம் வரும்? நான் முதல்லயே தப்பா போட்ட கணக்கு இது. மூணு பேருக்கும் பொதுவா போடாம, என் காலை வச்சுப் போட்டுட்டேன்."

பிரேக் இன்னும் ஒரு நாள் லீவு கேட்க வேண்டும். மேலாளர் குதிப்பார், குதிக்கட்டும் என்றான். அவன் வாயிலிருந்து "இரு" என்று வராதது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. எனக்கு வேறொன்று உறைத்தது. ஒரு நாள் கூடினால் ஒரு நாள் சாப்பாடும் கூடும். ஆளுக்கு எழுநூறு கிராம். உன் பங்கு எழுநூறுதானே, நாங்களே தூக்கிக்கொள்கிறோம் என்று பிரேக் ஆரம்பித்தான். நான் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். நாளைக் கூட்டினால் வாங்கிக்கொள்வேன், எடையைக் குறைத்தால் வாங்க மாட்டேன் என்று இரண்டு பேருக்கும் தெளிவாகச் சொன்னேன். விதித் தாளில் பத்தை அடித்துப் பத்து எழுநூறு என்று எழுதினேன். ஐம்பதை அடித்து அறுபது என்று டீச்சர் எழுதினாள். அடுத்த ஞாயிறு மூவரும் மறுபடி ஏறுவது என்று முடிவானது.

அந்த ஞாயிறு படிக்கட்டின் அடியில் மூன்று பைகளும் வரிசையாக இருந்தன. பிரேக்கின் கை பழக்கத்தில் என் பைக்கு நீண்டது, சட்டென்று பின்னால் போனது. தப்பு செய்த பிள்ளைபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நான் குனிந்து பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். பத்து எழுநூறு. முழுசாக இருந்தது.

பையைக் கீழே வைத்துவிட்டு அவனுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"இப்ப மாட்டி விடு" என்றேன்.