பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு விழுந்த கோடு

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். ஊசி என்னிடம் மூன்று முறை சொன்னார். ஒரு முறை எட்டு நிமிடம் என்றார், இன்னொரு முறை பத்து என்றார். அன்று மழை பெய்ததா, வெறும் மேகமூட்டமா என்பதுகூட மாறியது. மாறாமல் இருந்தது அவர் சொன்ன பொய் மட்டும்தான். அதை நம்பி மற்றதைச் சொல்கிறேன்.

ஊசி என்பது நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் அவருக்கு விழுந்த பெயர். கணினிகள் வந்த பிறகும் அங்கே ஒரு பழைய உருளையை ஓட விட்டிருந்தார்கள். அதில் சுற்றிய காகிதத்தின்மேல் ஓர் ஊசி கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். இருபத்தோரு வருடமாக அதன் எதிரில் உட்கார்ந்திருந்தவர் அவர். நிலம் அசைந்தால் படிவத்தின் மூன்று கட்டங்களில் ஒன்றில் குறி போட வேண்டும்: நிலநடுக்கம், கல்குவாரி வெடி, தெரியாத வெடிப்பு. மூன்றாவது கட்டத்தில் அவர் ஒரு நாளும் குறி போட்டதில்லை.

குவாரி இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, எல்லை மலையின் இந்தப் பக்கம் இருந்தது. அங்கே வெடி வைப்பவர் ஊசியின் அக்காள் கணவர். விதிப்படி ஒவ்வொரு வெடிக்கும் எழுத்தில் ஓர் அறிவிப்புச் சீட்டு வர வேண்டும். சொந்தக்காரருக்குள் என்ன சீட்டு என்று ஆறு வருடத்துக்கு முன்பே அதை விட்டுவிட்டார்கள். வெடிக்குக் கால் மணி நேரம் முன்னால் ஒரு போன் வரும். "மாப்ளே, தட்டப் போறேன். உன் ஊசியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ." அவ்வளவுதான். சீட்டுப் புத்தகம் அலமாரியில் கிடந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வல்லரசு. கடலுக்கு அப்பால் இன்னொன்று. அதன் விமானங்கள் இந்த நாட்டு ஓடுதளங்களில் நின்றன. நிலையத்தில் முதலாவதைப் பெரியப்பா என்பார்கள், இரண்டாவதைச் சித்தப்பா. "ரெண்டு பேருக்கும் சொத்துத் தகராறு. மிதி என்னவோ நடுவுல படுத்திருக்கிற பிள்ளைங்களுக்கு" என்று ஊசி சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்ததுண்டு. பெரியப்பாவின் படை பக்கத்துச் சிறிய நாட்டை ஒன்பது நாளில் விழுங்கிய பிறகு அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பிறகு பெரியப்பாவின் அறிக்கை ஒன்று வந்தது. விமானங்கள் போகாவிட்டால் எல்லை மலைக்கு அடியில் சிறிய அணுகுண்டு ஒன்றை வெடித்துக் காட்டுவோம். சித்தப்பாவின் பதில் ஒரே வரி. நாங்களும் காட்டுவோம், ஆனால் மலைக்கு அடியில் அல்ல.

அந்த வாரம் அக்கா வீட்டில் சாப்பாடு. மலைச்சரிவின் கீழே, குவாரிக் குடியிருப்பில் இருந்தது வீடு. அக்காவைக் கடற்கரை ஊருக்கு அனுப்பப்போவதாக வெடிக்காரர் சொன்னார்.

"தினம் உங்க வெடிக்கு நடுவுல சமைக்கிறவ, அவன் வெடிக்கா ஓடப்போறா?" என்றார் ஊசி.

வந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வெடிக்காரர் பாதித் தட்டில் எழுந்தார். "நான் பயந்தாங்கொள்ளி. சரிடா." அதோடு பேச்சு அறுந்தது. அக்காவும் கடற்கரைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு போன் செய்தது அக்காதான்.

"அவர் சொல்லச் சொல்லலை. நானாத்தான் சொல்றேன். பதினொண்ணரைக்காம்."

"பக்கத்துலதானே நிக்கிறாரு?"

"நிக்கலை. உட்கார்ந்திருக்காரு."

இப்படியே பதினாறு நாள் போயிற்று. பதினேழாம் நாள் காலை பத்து மணிக்குப் பொதுமக்களின் போன்கள் அனைத்தையும் ராணுவம் நிறுத்தியது. ஊசி தன் போனைக் காதில் வைத்துப் பார்த்தார். மூச்சில்லை. போன் இல்லையென்றால் இன்று வெடியும் இல்லை என்று எண்ணிக்கொண்டார். ஆறு வருடப் பழக்கம் அப்படி எண்ண வைத்தது. சீட்டு என்று ஒன்று இருந்ததே அவர் நினைவுக்கு வரவில்லை.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உருளையின் ஊசி காகிதத்தின் ஓரம்வரை ஓடி முட்டித் திரும்பியது.

அலைகளின் இடைவெளியை அவர் அளந்தார். எல்லை மலைதான். மலையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல ஒரே நிலையத்தின் கணக்கு போதாது. ஆனால் வெடிக்காரர் எப்போதும் வரிசை வரிசையாகத்தான் வெடிப்பார். அது காகிதத்தில் சீப்புப் பல்போல விழும். இது ஒரே குத்து.

ராணுவ இணைப்பில் இருந்த ஒற்றைப் போன் அடித்தது. நிலையத் தலைவியை எல்லாரும் மேடம் என்பார்கள். அவர்தான் எடுத்தார். சித்தப்பாவின் மையத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் மிகுந்த மரியாதையோடு பேசினார். அது என்ன என்று எட்டு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும்.

"விமானம் கிளம்பிடுச்சா?" என்றார் ஊசி.

"ஓடுதளத்துக்கு வந்தாச்சாம்." மேடம் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டார். "சொல்லுங்க."

மூன்றாவது கட்டம் என்றால் விமானங்கள் மேலே ஏறும், பிறகு இரண்டு பக்கமும் ஒருவருக்கும் நேரமிருக்காது. இரண்டாவது கட்டம் என்று எழுதி அது குண்டாக இருந்தால், மலையோர ஊர்களில் அபாயச் சங்குகூட ஒலிக்காது. இதையெல்லாம் ஊசி ஒழுங்காக யோசித்தார். அதற்கு அடியில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அது குண்டு என்றால் அந்தச் சரிவு கீழே வந்திருக்கும், அக்கா அதற்குள் இருப்பாள். குவாரி என்றால் அக்கா அடுப்பருகே நிற்கிறாள். குவாரி என்று தோன்றுவது காகிதத்தைப் பார்த்தா, அக்காவுக்காகவா? எவ்வளவு உற்றுப் பார்த்தும் அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. காகிதம் எதிர்ப்பக்கம்தான் சாட்சி சொன்னது.

"குவாரி" என்றார்.

"தகவல் வந்துச்சா?"

"வந்துச்சு மேடம்."

"எப்போ?"

"ஒன்பதரைக்கு. லைன் போறதுக்கு முன்னாடி."

"ஒன்பதரைக்கு நான் இந்த நாற்காலியிலதான் இருந்தேன்."

ஊசி அவரைப் பார்த்தார். மேடமும் பார்த்தார். அந்த அறையில் உருளை சுற்றும் சத்தம் மட்டும் இருந்தது. அது எத்தனை நேரம் என்பதைத்தான் ஊசியால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொல்ல முடியவில்லை.

மேடம் கையை எடுத்தார். "கல்குவாரி வெடி. முன்னறிவிப்பு உண்டு." சொல்லிவிட்டு இரண்டாவது கட்டத்தில் அவரே குறி போட்டுக் கையெழுத்திட்டார்.

ராணுவ ஜீப்பில் ஊசி குவாரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி. சரிவு நின்றுகொண்டிருந்தது. அக்கா வாசலில் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வெடிக்காரர் ஒரு காதில் துணியை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்கு வந்த சிப்பாய்கள், ஒரு மணி நேரத்தில் மலையைக் காலி செய்யச் சொன்னார்களாம். மூன்று நாளைக்கான துளைகளில் வெடிமருந்து அடைத்துத் தயாராக இருந்தது. அப்படியே விட்டுப்போகக் கூடாது, வரிசை பிரித்து இணைக்க நேரமுமில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தட்டிவிட்டார்.

"அந்தச் சிப்பாய் ஜீப் திரும்பி எங்க நிலைய வாசல் வழியாத்தானே போச்சு. ஒரு சீட்டு குடுத்து விட்டிருக்கலாமே, மாமா."

"என்ன? சத்தமாச் சொல்லு!"

"சீட்டு!"

"எழுதத்தான் உட்கார்ந்தேன். மேல உன் பேரைப் போடணும். போட மனசு வரலை."

விமானங்களைப் பற்றி ஊசி அன்று அவரிடம் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

விசாரணை நடந்தது. ஒன்பதரைக்கு எந்த அழைப்பும் வரவில்லை என்று போன் பதிவேடு காட்டியது. சொன்னது சரிதானே என்றார் மேடம். சரியாகப் போனது அதிர்ஷ்டம் என்றார்கள். மேடத்தைச் சுங்கத் துறைக் கிடங்கு ஒன்றுக்கு மாற்றினார்கள். ஊசியை வேலையிலிருந்து நீக்கினார்கள். வெடிக்காரருக்கு இடது காது கேட்காது; குவாரியை மூடிவிட்டதால் அக்காவும் அவரும் கடற்கரை ஊரில் இருக்கிறார்கள். நிலையத்தில் இப்போது படிவம் இல்லை, ஆளும் இல்லை. கருவி தானே முடிவு செய்து நான்கு நிமிடத்தில் சித்தப்பாவின் மையத்துக்கு அனுப்பிவிடுகிறது. விமானங்கள் அதே ஓடுதளத்தில் நிற்கின்றன. பெரியப்பாவின் படையும் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.