ஐந்து முகடுகள்

“கட்டுரையில முதல் பேரு என்னோடதா இருக்கணும், சார்” என்றாள் ஆய்வு மாணவி.

ஆய்வகத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பக்கத்தில் நின்ற சீனியர் தொண்டையைச் செருமிக்கொண்டான். இதை மட்டும் கேட்டுவிடாதே என்று, தையற்கூடத்தில் வேலை பார்க்கும் அவளுடைய அம்மா முந்தின இரவே வீட்டில் தலைபாடாய் அடித்துக்கொண்டிருந்தாள். “குடுக்கறத வாங்கிக்கடி. நம்ம வீட்ல காலேஜ் வாசலை மிதிச்சதே நீ ஒருத்திதான். வாயைக் குடுத்துக் கெடுத்துக்காத.”

ஏழு மாத உழைப்பு. புரதத் துணுக்குகளான அந்த ஐந்து குட்டிப் பெப்டைடுகளும் தண்ணீரோடு ஒட்டி உறவாடுகிற ரகம். கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும் வழக்கமான குழாயில் விட்டால் எதிலும் ஒட்டாமல், முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் ஓடிவிடும். உள்ளே மெல்லிய நீர்ப்படலத்தைப் பிடித்துவைக்கும் வேறு குழாய்க்கு மாற்றியவள் அவள். மாதிரியைத் தண்ணீரில் கரைத்து ஏமாந்து, கரைசலில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் பெரும்பங்காக இருந்தால்தான் ஐந்தும் தனித்தனியாகப் பிரியும் என்று கண்டவளும் அவள்தான்.

“சீனியருக்கு இந்த வருஷம் தீசிஸ் முடியணும்மா. உனக்கு ரெண்டாவது பேரே பெரிய விஷயம்” என்றார் தலைவர்.

“அப்போ அண்ணனே ஒரு தடவை ஓட்டிக் காட்டட்டும். நான் கையைக் கட்டிட்டு நிக்கிறேன்.”

“இதென்ன மலையைப் புரட்டுற வேலையா?” என்று சிரித்த சீனியர், பழக்கதோஷத்தில் மாதிரியைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து இயந்திரத்தில் ஏற்றினான். அவள் சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இருபது நிமிடம் மூவரும் திரையையே பார்த்தார்கள். பெப்டைடுக்கு ஒன்றாக, வரைகோட்டில் ஊசி ஊசியாக நிற்க வேண்டிய ஐந்து முகடுகளும் ஒன்றோடொன்று குழம்பி, சரிந்த மண்மேடாகக் கிடந்தன.

“குழாய் பழசாயிடுச்சு போல” என்றான் சீனியர்.

அவள் அதே குழாயைக் கழுவி நிலைப்படுத்தி, காலையில் தான் கரைத்துவைத்த சீசாவை ஏற்றினாள். ஐந்தும் விறைப்பாக எழுந்தன.

தலைவருக்குப் புரியாமல் இல்லை. திரையிலிருந்து கண்ணை எடுத்தார். “எல்லாம் டீம் வொர்க்தானேம்மா. ஒப்புதல் படிவத்துல கையெழுத்தைப் போட்டுடு. நாளைக்கு அனுப்பணும்.”

எழுதியவர்களில் ஒருவர் கையெழுத்திடாவிட்டாலும் அந்தக் கட்டுரையை எந்த இதழும் தொடாது. பையிலிருந்து படிவத்தை எடுத்து அவர்முன் வைத்தாள். கையெழுத்துக் கட்டத்தில் காலையிலேயே எழுதியிருந்தாள்: ‘இந்தப் பெயர் வரிசைக்குச் சம்மதமில்லை.’ கேட்டது கிடைத்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பாள்.

“வீட்ல அம்மாவை ஒரு வார்த்தை கேட்டியா?”

“அவங்க கேக்காதன்னுதான் சொன்னாங்க, சார்.”

வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, கதவைத் திறந்து நடந்தாள்.