மைக்கில் சொல்லாமல் விட்டது

நெட்டப்பாக்கம் மாதா கோயில் மண்டபத்தில் ஆராய்ச்சி மாணவி லில்லிக்குப் பொன்னாடை போர்த்தியபோது மைக்கைப் பிடித்திருந்தவர் அவளுடைய தாய்மாமன் பிரிட்டோ. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, சாவுச் செய்தி, திருவிழா, கட்சிக் கூட்டம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லிப் பிழைக்கிறவர். "எங்க அக்கா பொண்ணு, கேன்சருக்கு மருந்து கண்டுபுடிச்சவ!" என்று அவர் முழங்க, கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

லில்லி அதைத் திருத்தவில்லை. ருத்தேனியம் என்ற உலோகத்தை வைத்துத் தான் செய்த சேர்மம் இருட்டில் சும்மா கிடக்கும், வெளிச்சம் பட்டால்தான் விழித்துக்கொண்டு புற்றுச்செல்லைக் கொல்லும் என்று அழகாக விளக்கினாள். கொன்றதெல்லாம் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களை மட்டும்தான் என்பது வாய்வரை வந்தது. முன்வரிசையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லில்லி சொல்லாமல் விட்டுவிட்டாள்.

சில மாதம் கழித்து அத்தை சகாயராணி போன் செய்தாள். "உன் மாமாவுக்கு நாக்கு ஓரத்துல புண்ணு. கேன்சராம். ஓரமா வெட்டி எடுத்துடலாம்னு டாக்டரு அப்பவே சொன்னாரு. இவுருதான் மாட்டேன்றாரு. நம்ம புள்ள மருந்து வரட்டும்ன்றாரு."

"அப்பவேன்னா எப்போ அத்தை?"

"உனக்குப் பொன்னாட போட்டாங்கல்ல, அதுக்கு அடுத்த வாரம். உங்கிட்ட சொன்னா படிப்பு கெடும்னு சொல்ல வுடல."

அன்று மாலையே லில்லி பஸ் ஏறினாள். மாமா சிரித்தபடி கதவைத் திறந்தார். பேச்சு ஏற்கெனவே குழறியது. கையில் புது டார்ச்.

"மருந்து வர்றப்ப வரட்டும், லைட்டையாவது காட்டுவோம்னு டெய்லி காட்டிக்கினு இருக்கேன். சரிதானம்மா?" என்று வாயைத் திறந்து காட்டினார்.

லில்லி பார்த்தாள். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"மாமா, அது இன்னும் மருந்தே இல்ல. எலிக்குக்கூடக் குடுத்துப் பாக்கல. ஆளுங்களுக்கு வரப் பல வருஷம் ஆவும். வராமலே கூடப் போவும்."

அவர் டார்ச்சை அணைத்தார். "அன்னிக்கு மைக்குல நீ அப்படிச் சொல்லலியே?"

"சொல்லல மாமா. எல்லாரும் கைதட்டுனாங்க. நல்லா இருந்துச்சு. வுட்டுட்டேன்."

அவர் திட்டியிருக்கலாம். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குள் கழுத்தில் நெறிகட்டியிருந்தது. ஓரத்தோடு முடிந்திருக்க வேண்டியது, பாதி நாக்கை வெட்டி எடுப்பதில் முடிந்தது. உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை என்றார் டாக்டர். "முன்னாடியே வந்திருந்தா..." என்று அவர் தொடர்ந்ததையும் லில்லி தலைகுனிந்து முழுதாகக் கேட்டாள்.

ஆட்டோவை விற்றுவிட்டார்கள். அத்தை இப்போது அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், லில்லி பாதரிடம் கேட்டு மைக்கை வாங்கி உண்மையைச் சொன்னாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார்கள்.

ஊரில் கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு சிகிச்சைக்கு மாமாவை அவள்தான் அழைத்துப் போய் வந்தாள். ஒருநாள் திரும்பும் பஸ்ஸில் மாமா ஊர்ப் பெயரைச் சொன்னது கண்டக்டருக்கு விளங்கவில்லை. கண்டக்டர் லில்லியைப் பார்த்தார். அவள் வாய் திறப்பதற்குள் மாமா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வழிந்த எச்சிலைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக மறுபடி சொன்னார்.

"நெட்டப்பாக்கம், ரெண்டா?" என்றார் கண்டக்டர்.

மாமா தலையாட்டினார். லில்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.